தகரக் கூரையின் கதை: அதுக்குக் கீழே படுக்கப்போறது யாரு?

இந்த எபிசோடு எங்க வீட்டு மொட்டை மாடியில ஆரம்பிக்குது.

போன ஏப்ரல்ல ஒரு ஞாயிற்றுக்கிழமை. நசரத்பேட்டை வீட்டு மாடியில் டேப்போட ஒரு முனையை அப்பா பிடிச்சிருந்தார், மறுமுனை வெல்டர் அண்ணன் கையில. 20க்கு 30 அடி. ஸ்கொயர் பைப்ல ஃப்ரேம் அடிச்சு, மேல ஷீட் போட்டு, ரெண்டு ரூமா தடுத்து வாடகைக்கு விடணும். இதுதான் அப்பாவோட திட்டம். ஒரு ரூமுக்கு நாலு பசங்க.

எங்க ஏரியாவைத் தெரிஞ்சவங்களுக்கு இதுல ஆச்சரியமே இருக்காது. பூந்தமல்லி தாண்டினதும் பெங்களூர் ஹைவேயில வர்ற ஊர் இது. வெளிவட்டச் சாலை இங்கேதான் ஹைவேயைக் கடக்குது. மேற்கே போனா இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர்னு வரிசையா ஃபேக்டரி. ஒடிசா, பீகார்ல இருந்து, நம்ம தென் மாவட்டங்கள்ல இருந்து வர்ற பசங்களுக்கு ரூம் வேணும். மாடி காலியா இருந்தா அங்க ஒரு ஷீட் ரூம் முளைச்சிடும்.

நான் கேட்டேன்: "அப்பா, மே மாசம் இதுக்குள்ள மனுஷன் இருக்க முடியுமா?"

அப்பா டேப்பைச் சுருட்டிக்கிட்டே சொன்னார்: "நாமளா இருக்கப்போறோம்?"

எங்க அப்பா கெட்டவர் இல்லை. முப்பது வருஷம் ஷிஃப்ட் வேலை பார்த்து வீடு கட்டினவர், யதார்த்தமா சொன்ன பதில்தான் அது. ஆனா அந்த ஒரு வரி எனக்குள்ள மாட்டிக்கிச்சு. தகரக் கூரையோட வரலாற்றைப் படிக்க ஆரம்பிச்சேன். படிக்கப் படிக்க, கிட்டத்தட்ட 200 வருஷமா இதே வரியைத்தான் உலகம் திரும்பத் திரும்பச் சொல்லிட்டு வருதோன்னு தோணிச்சு.

ஒரு பேப்பரை மடிங்க

கையில ஒரு ஏ4 பேப்பர் இருந்தா எடுங்க. ரெண்டு புத்தகத்துக்கு நடுவுல பாலம் மாதிரி வைங்க. தொய்ஞ்சு விழுந்துடும். இப்போ அதையே விசிறி மாதிரி மடிச்சு வைங்க. மேல ஒரு பேனா வச்சாலும் நிக்கும். பேப்பர் அதேதான், எடையும் அதேதான். வடிவம் மட்டும் மாறியிருக்கு.

இரும்புத் தகட்டில் இதைச் செய்து காட்டியவர் ஹென்றி ராபின்சன் பால்மர். லண்டன் துறைமுகக் கம்பெனியின் இன்ஜினியர். 1818இல் சிவில் இன்ஜினியர்களுக்கென்று ஒரு சங்கம் வேண்டும் என்று நண்பர்களைக் கூட்டியபோது அவருக்கு வயது இருபதுகளின் தொடக்கம். இன்றைக்கும் லண்டனில் இருக்கிற சிவில் இன்ஜினியர்கள் கழகம் அப்படித்தான் பிறந்தது. 1829இல், நெளிநெளியான உலோகத் தகட்டைக் கூரையாகப் பயன்படுத்த அவர் காப்புரிமை வாங்கினார்.

மெக்கானிக்கல், சிவில் படிச்சவங்களுக்கு இது பழைய பாடம். அரை மில்லிமீட்டர் தகடு தட்டையா இருந்தா அதோட விறைப்பு ஒண்ணுமே இல்லை. அதே தகட்டை 18 மில்லிமீட்டர் உயரத்துக்கு அலையா வளைச்சுக் கணக்குப் போட்டுப் பாருங்க, நெளி ஓடுற திசையில விறைப்பு ஆயிரம் மடங்குக்கு மேல ஏறும். அதனால கூரைக்குக் கீழே நெருக்கமா மரச்சட்டம் வேண்டாம், தச்சரும் அவ்வளவா வேண்டாம். துறைமுகத்துல சரக்கு வைக்கக் கொட்டகை அவசரமா வேணும், பெரிசா வேணும், செலவு குறைவா வேணும். அதுக்குத்தான் இது கண்டுபிடிக்கப்பட்டுச்சு.

இந்த இடத்தைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கோங்க. தகரக் கூரை முதல்ல காத்தது மூட்டைகளையும் பீப்பாய்களையும்தான். அதுங்களுக்கு வியர்க்காது.

தகரத்தில் தகரம் இல்லை

பால்மரின் தகட்டுக்கு ஒரு பெரிய எதிரி இருந்தது: துரு. பெயின்ட் அடித்தாலும் மழை விடாது. இதற்கு விடை 1837இல் பிரான்சில் கிடைத்தது. ஸ்தானிஸ்லாஸ் சோரெல் என்ற இன்ஜினியர், உருக்கிய துத்தநாகத்தில் இரும்பை முக்கி எடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். துத்தநாகம் சுமார் 420 டிகிரியில் உருகும். அந்தக் குளியலில் இறங்கி ஏறும் இரும்பின் மேல் ஒரு மெல்லிய தோல் படிந்துவிடும்.

அந்தத் தோல் வெறும் போர்வை இல்லை. கீறல் விழுந்து உள்ளே இருக்கிற இரும்பு தெரிந்தாலும், சுற்றியுள்ள துத்தநாகம் தான் முதலில் அரிந்துபோய் இரும்பைக் காப்பாற்றும். ரெண்டு உலோகத்துக்கு நடுவுல நடக்கிற மின்வேதியியல் வேலை அது. தவளைக் காலில் மின்சாரம் பார்த்த இத்தாலியர் லூயிஜி கால்வானியின் பெயரால் இதற்கு 'கால்வனைசிங்' என்று பெயர் வந்தது. நம்ம ஊர்ல 'ஜிஐ ஷீட்'னு சொல்றோமே, அதில் வர்ற 'ஜி' இந்தக் கால்வானிதான்.

ஒரு வேடிக்கை பாருங்க. தகரம்னா அகராதிப்படி வெள்ளீயம். நம்ம தகரக் கூரையில இருக்கிறது இரும்பும் துத்தநாகமும். வெள்ளீயம் துளிகூடக் கிடையாது. பேரு மட்டும் ஒட்டிக்கிச்சு.

அவசரக்காரங்களோட கூரை

நெளி இருக்கு, துரு பிடிக்காது. மூணாவது ஒரு குணம்தான் இதை உலகம் முழுக்கக் கொண்டுபோச்சு: தகடு மேல தகடு அச்சு அசலா உட்காரும். நூறு ஷீட்டை அடுக்கினாலும் கொஞ்ச இடம்தான். கப்பல்ல ஏத்தலாம், மாட்டு வண்டியில ஏத்தலாம். ஓடு மாதிரி வழியில உடையாது.

1849இல் கலிபோர்னியாவில் தங்கம் தேடி ஜனங்கள் ஓடினபோது, பிரிட்டனில் இருந்து இரும்பு வீடுகள் பாகம் பாகமாகக் கப்பலேறின. 1850களில் ஆஸ்திரேலியாவிலும் அதே கதை. அப்படிப் போய் இறங்கிய இரும்பு வீடுகள் சில தெற்கு மெல்போர்னில் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன. துறைமுகம், சுரங்கம், ராணுவ முகாம், ரயில்வே ஷெட்: எங்கே ஆள்களைக் கூட்டமாக, சீக்கிரமாக, குறைந்த செலவில் இறக்க வேண்டுமோ அங்கே தகரம் போய் நின்றது.

அப்படி ஆள் இறக்கிய இடங்களில் ஒன்றில்தான் நம்ம ஆட்கள் வர்றாங்க.

மலையில் ரெண்டு கூரை

இலங்கையின் மலைநாடு. 1830கள் முதல் காபித் தோட்டங்கள் பெருகின. தமிழ்நாட்டில் இருந்து ஆட்கள் போனார்கள். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்டார். 1869இல் காபிக்கு இலைத்துரு நோய் வந்து தோட்டங்கள் சரிய, மலை முழுக்கத் தேயிலையானது. வேலை ஆட்களுக்குக் கட்டப்பட்டதுதான் 'லயம்': ஒரே நீளக் கட்டடம், வரிசையாக அறைகள், ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை. சுமார் 10க்கு 12 அடி. மலையகத் தமிழில் காம்பரா. தொடக்கத்தில் புல் கூரை, மண் சுவர். பிறகு மேலே தகரம்.

தோட்டத்துரை கணக்குப் பார்த்தால் தகரம் நல்ல முடிவுதான். தீப்பிடிக்காது, அடிக்கடி மாற்ற வேண்டாம், மலைப்பாதையில் கொண்டுவரச் சுலபம். ஆனால் மலையில் ராத்திரி குளிர் தகரத்தில் இறங்கினால் உள்ளே மூச்சு விடும் ஈரம் தகட்டில் பட்டுச் சொட்டும். மழை பெய்தால் பக்கத்தில் பேசுவது கேட்காது. ஆணி ஓட்டை பெரிதாகிவிட்டால் பாத்திரம் வைத்துப் பிடிக்க வேண்டும்.

இதைப் படிச்சப்போ என்னை நிறுத்தின விஷயம் வேற ஒண்ணு. மேட்டில் இருந்த துரையின் பங்களாக்கள் பலவற்றுக்கும் அதே நெளித்தகரம்தான் கூரை! நம்ம ஊட்டி, குன்னூர்ப் பக்கமும் சிவப்பு பெயின்ட் அடிச்ச தகரக் கூரையோட பழைய பங்களா பார்த்திருப்பீங்க. ஆனா அந்த பங்களாவுக்குள்ள போய் அண்ணாந்து பார்த்தா தகரம் தெரியாது. மரப்பலகை சீலிங் தெரியும். சீலிங்குக்கும் தகரத்துக்கும் நடுவுல ஆள் தவழ்ற அளவுக்குக் காத்து. அந்தக் காத்துதான் வெயிலையும் குளிரையும் மழைச் சத்தத்தையும் வாங்கிக்கும்.

ஒரே மலை, ஒரே மழை, ஒரே தகரம். பங்களாவுல அதுக்கு அடியில ஒரு பலகை இருந்துச்சு. லயத்துல பலகை இல்லை. தகரம் நல்லதா கெட்டதாங்கிற கேள்விக்கு எனக்குக் கிடைச்ச முதல் பதில் இது.

அந்த லயத்து மக்களின் கதை அங்கேயே முடியவில்லை. 1948இல் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம்: 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது. இப்படித் திரும்பி வந்தவர்களுக்கு வேலை தரத்தான் 1968இல் நீலகிரியில் தமிழ்நாடு அரசு தேயிலைத் தோட்டம் தொடங்கியது. நாம இன்னைக்கு 'டான்டீ'ன்னு சொல்றது அதைத்தான். கடல் தாண்டி வந்தவர்களில் பலர் மறுபடியும் ஒரு தோட்டத்து வரிசை வீட்டில்தான் குடியேறினார்கள். இலங்கையில் இருந்தவர்களுக்குத் தனி வீடு என்ற பேச்சு வலுப்பட இந்த நூற்றாண்டு வரை ஆனது. இந்திய உதவியில் 4,000 வீடுகள், 2017 மே மாதம் நோர்வூட்டில் மேலும் 10,000 வீடுகளுக்கு அறிவிப்பு, ஒரு குடும்பத்துக்கு ஏழு பேர்ச் நிலம். லயங்கள் இன்னும் இருக்கின்றன.

கீற்று எரிஞ்சப்போ

இப்போ நீங்க கேட்கலாம்: அப்ப நம்ம சமவெளியில கீற்றே நல்லது இல்லையா? குளுமை, மலிவு, பக்கத்துத் தோப்புல கிடைக்கும்.

குளுமை உண்மைதான். கீற்றுக்கு நடுவில் சிக்கியிருக்கும் காற்று வெப்பத்தைத் தடுக்கிறது. ஓட்டுக் கூரையும் அப்படியே, இடுக்கு வழியாக மூச்சு விடும். 1865இல் மங்களூரில் பாசல் மிஷன் தொழிற்சாலை தொடங்கிய பிறகு 'மங்களூர் ஓடு' நம் ஊர்களுக்கும் வந்தது. ஆனால் ஓட்டுக்கு மரச்சட்டம் வேண்டும், மரம் விலை ஏறிக்கொண்டே போனது. இல்லாதவர்களுக்கு மிஞ்சியது கீற்று.

கீற்று எரியும். 1997 ஜூன் 7, தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்குக்குப் போட்ட யாகசாலைப் பந்தல் தீப்பிடித்து 48 பேர் இறந்தார்கள். 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்து மாடிப் பந்தல் எரிந்தது, மணமகனும் இறந்தார். அதே ஆண்டு ஜூலை 16, கும்பகோணம். சத்துணவுக் கூடத்துக் கீற்றில் பிடித்த தீ வகுப்பறைக் கீற்றுக்குத் தாவியது. 94 குழந்தைகள்.

என் வயசுக்காரங்களுக்கு அந்த நாள் ஞாபகம் இருக்கும். நான் அப்போ சின்னப் பையன். டிவியில ஓடின அந்த போட்டோ வரிசையைப் பார்த்துட்டு அம்மா டிவியை அணைச்சது நினைவிருக்கு. பள்ளிகள்ல கீற்றுக் கூரை இருக்கவே கூடாதுன்னு அரசு உத்தரவு போட்டுச்சு. எங்க ஸ்கூல்லயும் சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் இருந்த கீற்றுக் கொட்டகை அடுத்த சில வாரத்துல தகரமா மாறிச்சு. மதியம் நாலாவது பீரியட் அதுக்குக் கீழே நடக்கும். சட்டை முதுகோட ஒட்டிக்கும். ஆனா தீக்குப் பயந்த எந்த அம்மா அப்பாவும் அந்தத் தகரத்தைக் குறை சொல்ல மாட்டாங்க. சொல்லவும் கூடாது.

தகரத்துக்கும் கீற்றுக்கும் நடுவுல இன்னொண்ணு இருந்துச்சு: சிமென்ட் ஷீட், அதாவது ஆஸ்பெஸ்டாஸ். 1900ஐ ஒட்டி ஆஸ்திரியாவில் லுட்விக் ஹாட்செக் கண்டுபிடித்தது. இந்தியாவில் 1934 முதல் தயாரிப்பு. துரு இல்லை, தகரத்தை விடச் சூடும் சத்தமும் குறைவு. ஆனால் அதன் நார் நுரையீரலுக்குள் போனால் புற்றுநோய் வரும். அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் தடை செய்துவிட்டன. இங்கே இன்னும் விற்கிறது. உங்க வீட்டுல பழைய சிமென்ட் ஷீட் இருந்தா அதை அறுக்காதீங்க, உடைக்காதீங்க, காய்ஞ்ச நிலையில தேய்க்காதீங்க. தூசிதான் ஆபத்து.

இதற்கிடையில் அரசு வீடு என்றாலே கான்கிரீட் என்று ஆனது. 2010இல் குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக மாற்றும் கலைஞர் வீடு வழங்கும் திட்டம், 2024இல் கலைஞர் கனவு இல்லம். ஆக, கீழ்த்தளம் கான்கிரீட். அதற்கு மேல் சொந்தக் காசில் ஒரு அறை சேர்ப்பதென்றால் தகரம்.

ஷெட்ல இருந்து வீட்டுக்கு

நம்ம மேற்குப் புறநகருக்கு இந்தத் தகடு ஃபேக்டரி வழியாத்தான் பெருவாரியா வந்துச்சு. 1964இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை. 1965இல் ஆவடி தொழிற்சாலையில் இருந்து முதல் விஜயந்தா டாங்கி. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி. எல்லா இடத்திலும் பெரிய பெரிய ஷெட். ஷெட் கட்டக் கத்துக்கிட்ட ஃபேப்ரிகேட்டர்கள் ஊருக்குள்ளயும் அதையே கட்டினாங்க.

ஆனா ஃபேக்டரி ஷெட் இருபது, முப்பது அடி உயரம். உச்சியில சூடான காத்து வெளியேற வழி இருக்கும். மாடியில வரும்போது அது எட்டடி ஆயிடுது. உச்சி வழி அடைஞ்சு போயிடுது. வெயில்ல கொதிக்கிற தகடு 60 டிகிரியைத் தாண்டும். அது தலைக்கு ரெண்டடி மேல இருந்தா, காத்து சூடாகிறது அப்புறம், தகடே நேரடியா உங்க மேல வெப்பத்தைக் கதிரா வீசும். ஃபேன் போட்டாலும் அந்தக் கதிர் நிக்காது.

தகரத்துக்காக ஒரு நியாயமும் சொல்லணும். அது மெல்லிசு, அதனால வெப்பத்தைச் சேர்த்து வைக்கத் தெரியாது. சூரியன் இறங்கினா கொஞ்ச நேரத்துல ஆறிடும். கான்கிரீட் தளம் பகல் வெயிலைக் குடிச்சு ராத்திரி பத்து மணிக்கு நம்ம மேல துப்பும். ராத்திரி மட்டும் தூங்கணும்னா நல்ல காத்தோட்டமுள்ள தகரம் அவ்வளவு மோசமில்லை.

அப்பாவும் இதைத்தான் சொன்னார். "பசங்க பகல்ல வேலைக்குப் போயிடுவாங்க, ராத்திரிதானே வருவாங்க?" சரின்னு, எங்க தெருவிலேயே ஒரு வீட்டு ஷீட் ரூமை மதியம் ரெண்டு மணிக்குப் போய்ப் பார்த்தோம். மாடிப்படித் திருப்பத்துல பாய் போட்டு ஒரு பையன் தூங்கிட்டு இருந்தான். முகத்து மேல ஈரத் துண்டு. நைட் ஷிஃப்ட் முடிச்சுட்டு வந்தவன். ரூமுக்கு வாடகை கொடுத்துட்டு படிக்கட்டுல படுத்திருக்கான். அவனைத் தாண்டித்தான் நாங்க மேல ஏறணும். அப்பா ஏறலை. கொஞ்ச நேரம் நின்னு பார்த்துட்டுத் திரும்பிட்டார். அவரும் நைட் ஷிஃப்ட் பார்த்தவர்தான்.

எங்க மாடி, எங்க கணக்கு

அடுத்த ஞாயிறு வெல்டர் அண்ணனோட மறுபடி உட்கார்ந்தோம். நாங்க முடிவு பண்ணினதைச் சொல்றேன். நீங்க கூரை போடப்போறீங்கன்னா உதவும்.

முதல்ல தகடு. கடையில சொல்ற தடிமன் பெரும்பாலும் பூச்சும் பெயின்ட்டும் சேர்ந்த கணக்கு. 'வெறும் இரும்பு எவ்வளவு?'ன்னு தனியா கேளுங்க. பூச்சு எடையையும் கேளுங்க. 275னா சதுர மீட்டருக்கு ரெண்டு பக்கமும் சேர்த்து 275 கிராம் துத்தநாகம், 120ன்னா அதுல பாதிகூட இல்லை. பூச்சு குறைஞ்சா ஆயுளும் அதே கணக்குல குறையும். 1972இல் அமெரிக்காவில் சந்தைக்கு வந்த 'கால்வால்யூம்' வகையில் 55 சதவீதம் அலுமினியம், மீதி பெரும்பாலும் துத்தநாகம். பொதுவா ரொம்ப நாள் தாங்கும். நாங்க அதுலயே வெள்ளை நிறம் எடுத்தோம். வெள்ளை வெயிலைத் திருப்பி அனுப்பும், வாங்கின சூட்டையும் வானத்துக்கு வீசும். பெயின்ட் இல்லாத பளபளத் தகடு ரெண்டாவது வேலையில ரொம்ப மோசம்.

ரெண்டாவது, காத்து. 2016 டிசம்பர் 12, வர்தா புயல் அன்னைக்கு எங்க தெருவுல ஷீட் பறந்ததை நானே பார்த்தேன். இந்தியத் தர விதிப்படி சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர். அந்த வேகத்துல ஒரு சதுர மீட்டர் மேல அழுத்தம் சுமார் 150 கிலோ. அதுல பாதி மேல்நோக்கி இழுத்தாலே 75 கிலோ. ஷீட்டோட எடை நாலஞ்சு கிலோதான். பறக்காம என்ன செய்யும்? அதனால ஸ்க்ரூ எண்ணிக்கையில, முக்கியமா ஓரத்துலயும் மூலையிலயும், மிச்சம் பிடிக்காதீங்க. தூண் எல்லாம் கீழே இருக்கிற பீம் மேல உட்காரணும். ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர்கிட்ட காட்டிட்டுத்தான் வேலையைத் தொடங்குங்க.

மூணாவது, அந்த பங்களாப் பலகை. ஷீட்டுக்குக் கீழே பளபள ஃபாயில், அதுக்குக் கீழே ஒரு அடி இடைவெளி விட்டு சீலிங். ரெண்டு முக்கோணச் சுவர்லயும் காத்து போக ஜாலி. உயரத்தை எட்டுல இருந்து பதினொண்ணா ஏத்தினோம். எதிரெதிர் ஜன்னல்.

பட்ஜெட் மூணுல ஒரு பங்கு ஏறிடுச்சு. ரூமுக்கு நாலு பேர்ங்கிறது மூணு பேராச்சு. போட்ட காசு திரும்ப வர ரெண்டு வருஷம் கூட ஆகும்னு அப்பா நோட்டுல எழுதி என் முன்னாடி வச்சார். நான் ஒண்ணும் சொல்லலை, என் சம்பளத்துல கொஞ்சம் போட்டேன். எல்லாராலும் அது முடியாதுன்னும் தெரியும். வெறும் ஷீட்டுக்கே கடன் வாங்கித்தான் பல வீட்டுல போடுறாங்க, அதே ஷீட்டுக்குக் கீழே அவங்களே குடும்பத்தோட படுக்கிறாங்க. அவங்களுக்கு சீலிங் போட முடியலைன்னாலும், வெள்ளைப் பூச்சும் உச்சியில ஒரு காத்து வழியும் பெரிய செலவு இல்லை.

வேலை ஜூலையில முடிஞ்சுது. வாடகைக்கு விடுறதுக்கு முன்னாடி ஒரு மதியம் அப்பா மேல போனார். ரெண்டு மணிக்குப் போனவர் நாலரை ஆகியும் இறங்கலை. அம்மா டீயோட போய்ப் பார்த்தா, வெறும் தரையில துண்டை விரிச்சுத் தூங்கிட்டு இருந்தார்.

உங்க வீட்டுக் கூரை கீற்றா, ஓடா, தகரமா, அதுக்குக் கீழே தூங்கின கதை என்னன்னு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.